சங்கோட நகமும் வடக்குக் காட்டு வாசனையும்

ஜப்பான்காரர்கள் கையால் செய்கிற ஊதுபத்திகளில் ஒரு தனி ரகம் உண்டு. மல்லிகை, ரோஜா என்று ஒரு பூவின் பெயரை அது சொல்லாது, ஒரு இடத்தைச் சொல்லும். பனி மூடின வடக்குக் காடு, மழை விட்ட மலைச்சரிவு, ஆள் நடமாட்டமில்லாத ஆற்றங்கரை, இந்த மாதிரி. ஒரு குச்சியைக் கொளுத்திவிட்டுக் கண்ணை மூடினால் அங்கே போய்ச் சேர்ந்துவிடலாம் என்பதுதான் அதன் வாக்குறுதி.

ஜப்பானில் இது புதுசா வந்த பழக்கம் இல்லை. 9ஆம் நூற்றாண்டில் மினமோதோ நோ தோரு என்ற பிரபு, கியோத்தோவில் இருந்த தன் மாளிகைத் தோட்டத்தை வடக்கே வெகுதூரத்தில் இருக்கிற ஷியோகாமா கடற்கரை மாதிரியே அமைத்தார் என்று சொல்வார்கள். அந்தக் காலத்துத் தலைநகர்வாசிகளுக்கு வடக்கு என்றால் காட்டுப் பிரதேசம், பாதி கற்பனை. கடல்தண்ணியைச் சுமந்துவரச் செய்து தோட்டத்திலேயே உப்புக் காய்ச்சி, அந்தப் புகையைப் பார்த்து ரசித்தாராம். உப்பளத்துக்கே பெயர்போன தூத்துக்குடிக்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். ஆனாலும் மனுஷன் ஆசை புரிகிறது. போக முடியாத இடத்தை ஒரு புகையாலாவது வரவழைத்துக்கொள்ள வேண்டும்.

அந்தப் புகைக்குள் என்ன இருக்கிறது என்று தேடிப்போனால் பாதை வடக்கே போகவில்லை. தெற்கே, நம்ம மன்னார் வளைகுடா மாதிரியான வெப்பக்கடல்களின் அடியில் கொண்டுபோய் விடுகிறது. இந்தக் கட்டுரை அந்தப் பாதையைப் பற்றியது.

வாசனையைக் கட்டிப்போடுகிற பொருள்

வாசனைத் தொழிலில் இருக்கிற பெரிய தொல்லை, வாசனை நிற்காது என்பதுதான். லேசான மணங்கள் முதல் நிமிஷத்திலேயே பறந்துவிடும், கனமானவை தங்கும். அதனால் ஒரு கலவையில் மணப்பொருள்களைச் சேர்த்தால் மட்டும் போதாது. அவற்றை ஒன்றோடு ஒன்று இணைத்து, சீக்கிரம் கலைந்துபோகாமல் பிடித்துவைக்க இன்னொரு பொருளும் வேண்டும்.

ஜப்பானின் பழைய கலவைகளில் இந்த வேலையைச் செய்வது 'கைக்கோ'. ஒரு கடல் நத்தையின் மூடி அது. சங்கு ஜாதிப் பிராணிகள் ஆபத்து வந்தால் உடம்பை உள்ளே இழுத்துக்கொண்டு வாயை ஒரு தகட்டால் அடைத்துக்கொள்ளும். வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்துகிற மாதிரி. அந்தக் கதவுதான் மூடி. சில நத்தைகளுக்கு அது சுண்ணாம்பால் ஆனது, வெள்ளைக் கல் மாதிரி இருக்கும். நம்ம பால்சங்குக்கும், முள்முள்ளாக இருக்கிற பெரிய சங்குகளுக்கும் கொம்பு மாதிரியான பொருளால் ஆனது. பழுப்பு நிறம், ஒரு முனை கூர்மை. கையில் எடுத்துப் பார்த்தால் ஏதோ பெரிய மிருகத்தின் நகம் என்றுதான் நினைப்பீர்கள்.

உலகம் பூராவும் அப்படித்தான் நினைத்திருக்கிறார்கள். சமஸ்கிருதத்தில் இதன் பெயர் நகம். கிரேக்கத்தில் ஓனிக்ஸ், அதுவும் நகம்தான். அரபியில் அஸ்ஃபார் அத்தீப், அதாவது மணத்தின் நகங்கள். விவிலியத்தின் யாத்திராகமத்தில் ஆலயத் தூபத்துக்குச் சொல்லப்படும் பொருள்களில் ஒன்றை, கிரேக்க மொழிபெயர்ப்பாளர்கள் இதே 'நகம்' என்ற சொல்லால்தான் குறித்தார்கள். சீனமும் ஜப்பானும் மட்டும் கொஞ்சம் மாறி, கவசம் என்றும் ஓடு என்றும் பொருள்படும் எழுத்தை வைத்து எழுதுகிறார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், தனியாகக் கொளுத்தினால் இது மணக்காது. முடி கருகின மாதிரி, நகம் கருகின மாதிரி ஒரு வீச்சம். மற்றவற்றோடு மிகக் குறைந்த அளவில் சேரும்போதுதான் இதன் அருமை தெரியும்.

ஒரு கப்பலின் சரக்குப் பட்டியல்

ஜப்பானுக்கு வாசனை வந்த கதை கடலில் தொடங்குகிறது. 595இல் அவாஜி தீவில் ஒரு பெரிய மரக்கட்டை கரை ஒதுங்கியது. தீவுக்காரர்கள் விறகு என்று நினைத்து அடுப்பில் வைத்தார்கள். புகை மணமாக எழுந்ததும் பயந்துபோய்க் கட்டையை அரண்மனைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அது அகில் என்று ஜப்பானின் பழைய வரலாற்று நூலான நிஹோன் ஷோகி சொல்கிறது. அதே அவாஜிதான் இன்றைக்கு ஜப்பானின் ஊதுபத்தி உற்பத்தியில் முதலிடத்தில் இருக்கிறது.

கலவை செய்கிற அறிவு பின்னால் வந்தது. கஞ்ஜின் என்ற சீனத் துறவி பலமுறை முயன்று, கண்பார்வையையும் இழந்து, 753இன் கடைசியில் ஜப்பான் கரையைத் தொட்டார். வாசனைக் கலவையை ஜப்பானுக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான் என்பது மரபு. அதற்குப் பத்து வருஷம் முன்பு, 743இல் அவர் செய்த ஒரு முயற்சி கடலில் கப்பல் உடைந்து தோற்றது. அந்தக் கப்பலில் ஏற்றிய சரக்கின் பட்டியலை, 779இல் எழுதப்பட்ட அவருடைய வரலாறு வைத்திருக்கிறது. கஸ்தூரி, அகில், சங்கு மூடி, சடாமாஞ்சில், கற்பூரம், சாம்பிராணி வகைகள் என்று வாசனைச் சரக்கே 600 கின்னுக்கு மேல். கின் என்பது பழைய எடை, அரை கிலோவைவிடக் கொஞ்சம் அதிகம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தப் பட்டியலில் இரண்டு பெயர்களை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: சங்கு மூடி, சடாமாஞ்சில். சடாமாஞ்சில் இமயமலையில் 3000 மீட்டருக்கு மேல் வளர்கிற ஒரு சிறு செடியின் வேர். மண், பாசி, ஈரமான மரப்பட்டை எல்லாம் கலந்த மாதிரி ஒரு கனமான மணம் அதுக்கு. நிஜமான வடக்குக் காட்டு வாசனை என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

அடுத்த 300 வருஷத்தில் ஜப்பான் அரசவை இந்தப் பொருள்களை வைத்து ஒரு கலையையே வளர்த்தது. அரைத்த தூளைத் தேனில் பிசைந்து உருண்டை பிடித்து, மண்ணில் புதைத்துப் பதப்படுத்தி, கனல்மேல் நேராக வைக்காமல் சூட்டில் மட்டும் மணக்கவிடுவார்கள். அதற்கு ஆறு புகழ்பெற்ற கலவைகள் உண்டு. வசந்தத்துக்கு 'பைக்கா', அதாவது பிளம் பூ. குளிர்காலத்துக்கு 'குரோபோ'. 11ஆம் நூற்றாண்டில் முரசாகி ஷிகிபு எழுதிய கெஞ்ஜி கதையில் இதற்கென்றே ஒரு அத்தியாயம் வரும். கெஞ்ஜியும் அரண்மனைப் பெண்களும் ஆளாளுக்கு ரகசியமாகக் கலவை செய்து போட்டிக்கு வைப்பார்கள்.

பைக்காவில் என்னென்ன சேரும்? அகில், சந்தனம், கிராம்பு, சடாமாஞ்சில், கஸ்தூரி, சங்கு மூடி, இன்னும் ஓரிரண்டு. பெயர் பிளம் பூ, ஆனால் உள்ளே பிளம் பூவே கிடையாது. ஜப்பானிய வசந்தத்தின் மணம் முழுக்க ஜப்பானில் விளையாத பொருள்களால் ஆனது. சங்கு மூடி ஒன்றுக்குத்தான் அவர்கள் உள்ளூரிலும் ஆள் கண்டுபிடித்தார்கள். 14ஆம் நூற்றாண்டில் யோஷிதா கென்கோ எழுதிய குறிப்புகளில், மூசாஷி நாட்டுக் கனசாவா கடற்கரையில் இந்த மூடிக்குரிய நத்தை கிடைக்கிறது என்றும், அந்த ஊர்க்காரர்கள் அதற்கு வேறு பெயர் சொல்கிறார்கள் என்றும் ஒரு சின்னக் குறிப்பு உண்டு. அரண்மனையில் ஒரு பெயர், கடற்கரையில் ஒரு பெயர்.

மாதவி குளித்த தண்ணீர்

இப்போ நம்ம பக்கம் வருவோம். சிலப்பதிகாரத்தில் கடலாடு காதை. கோவலனின் ஊடலைத் தீர்க்க மாதவி அலங்காரம் செய்துகொள்கிறாள். அவள் கூந்தல் அலசிய நீரில் பத்து வகைத் துவரும், ஐந்து வகை விரையும், முப்பத்திரண்டு வகை ஓமாலிகையும் ஊறியிருந்தன என்று இளங்கோ சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். அவை எவை என்று பட்டியல் போட்டுத் தந்தவர் உரையாசிரியர் அடியார்க்குநல்லார். அந்த உரையோடு உ.வே.சாமிநாதையர் 1892இல் சிலப்பதிகாரத்தைப் பதிப்பிக்காமல் இருந்திருந்தால், இந்தப் பட்டியலை நாம் இவ்வளவு சுலபமாகப் படித்துக்கொண்டிருக்க மாட்டோம்.

ஐந்து விரையில் அகிலும் ஆரமும் இருக்கின்றன. ஆரம் என்றால் சந்தனம். முப்பத்திரண்டு ஓமாலிகையில் இலவங்கம் இருக்கிறது, கத்தூரி இருக்கிறது, மாஞ்சி இருக்கிறது. அதோடு புலியுகிர் என்று ஒன்றும் இருக்கிறது.

புலியுகிர் என்றால் புலி நகம். ஆனால் புலியின் நகத்தை வெந்நீரில் ஊறவைத்தால் என்ன மணம் வரப்போகிறது? சமஸ்கிருத வாசனை நூல்களில் இதே பெயர் வியாக்ரநகம் என்று வருகிறது. 6ஆம் நூற்றாண்டில் வராகமிகிரர் எழுதிய பிருகத் சம்ஹிதையில் கந்தயுக்தி என்றொரு அத்தியாயம் உண்டு. பதினாறு பொருள்களைக் கட்டம் போட்டு அடுக்கி, அவற்றிலிருந்து 1,74,720 வாசனைகள் கிடைக்கும் என்று கணக்கே போட்டிருப்பார். அந்தப் பதினாறில் நகமும் உண்டு, வியாக்ரநகமும் உண்டு. நகம் என்பது கடல் நத்தையின் மூடி. அதிலேயே பெருசாக, வளைந்து, கூர்மையாக இருக்கிற ரகத்தைப் பார்த்தால் புலி நகம் என்று பெயர் வைக்கத் தோன்றும். அடியார்க்குநல்லாரின் புலியுகிரும் இந்தக் குடும்பம்தான் என்பது என் வாசிப்பு. இதே பெயரில் ஒரு செடியையும் சிலர் காட்டுவதுண்டு. ஆனால் மாஞ்சி, கத்தூரி, புழுகு எல்லாம் இருக்கிற வாசனைப் பட்டியலில் கடல் மூடிதான் பொருத்தமாக உட்காருகிறது.

அப்படிப் பார்த்தால் பைக்காவுக்குச் சொன்ன அகில், சந்தனம், கிராம்பு, சடாமாஞ்சில், கஸ்தூரி, சங்கு மூடி ஆகிய ஆறும் தமிழ்ப் பட்டியலிலும் அப்படியே இருக்கின்றன. கியோத்தோவில் அதைப் புகைத்தார்கள், புகாரில் அதில் குளித்தார்கள். யாரைப் பார்த்து யார் செய்தார்கள் என்று சண்டை போட இதில் ஒன்றுமில்லை. ஆசியா முழுக்க ஒரே வாசனைக் கடையில் சாமான் வாங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

பக்குவத்தைப் பாருங்கள், இன்னும் சுவாரசியம். மூடியின் மீன் வாடையை எடுக்காமல் வாசனைக்குச் சேர்க்க முடியாது. வடமொழி மருத்துவ நூல்கள் சொல்கிற முறை: சாணம் கரைத்த தண்ணியிலோ புளித்தண்ணியிலோ வேகவை, கழுவு, வறு, வெல்லமும் கடுக்காயும் கரைத்த நீரைத் தெளி. சீன, ஜப்பான் முறை: சாம்பல் தண்ணியில் வேகவை, அரிசி மதுவில் ஊறவை, தேன் பூசி வறு, அரை. காரத்துக்கு இங்கே சாணம், அங்கே சாம்பல். ஊறவைக்க இங்கே புளி, அங்கே மது. இனிப்புக்கு இங்கே வெல்லம், அங்கே தேன். ஒரு சமையல் குறிப்பு ஊர் மாறும்போது அந்தந்த ஊர்ச் சமையலறையில் இருப்பதை எடுத்துக்கொள்ளும் இல்லையா, அதே மாதிரிதான்.

நத்தை வேரைத் தின்றதா?

இமயத்து வேரும் கடல் மூடியும் இப்படி ஜோடியாகவே வருவதற்கு இன்னொரு பழைய சாட்சியும் உண்டு. முதல் நூற்றாண்டுக் கிரேக்க மருத்துவர் தியோஸ்கோரிதேஸ். மருந்துப் பொருள்கள் பற்றிய தன் நூலில் ஓனிக்ஸைப் பற்றி எழுதும்போது, இது இந்தியாவில் சடாமாஞ்சில் வளரும் ஏரிகளில் கிடைக்கிற நத்தையின் மூடி என்கிறார். நத்தைகள் அந்தச் செடியைத் தின்பதால்தான் மூடி மணக்கிறதாம். ஏரி வற்றினதும் பொறுக்குவார்களாம்.

இமயமலையில் 3000 மீட்டருக்கு மேலே கடல் நத்தை ஏது! கதை தப்புதான். ஆனால் தப்பு பிறந்த விதம் நமக்கு ஒரு விஷயத்தைச் சொல்கிறது. மத்தியதரைக்கடல் வியாபாரியின் கண்ணுக்கு இரண்டும் இந்தியாவிலிருந்து வந்தன, இரண்டும் ஒரே கலவையில் சேர்ந்தன. எனவே இரண்டும் ஒரே இடத்தில் இருக்கும் என்று யாரோ முடிச்சுப் போட்டிருக்கிறார்கள்.

இரண்டும் சந்தித்த இடம் ஏரி இல்லை, துறைமுகம். அதே முதல் நூற்றாண்டில் எழுதப்பட்ட பெரிப்ளூஸ், கங்கைக் கரைச் சடாமாஞ்சில் முசிறித் துறையில் கப்பலேறியதைச் சொல்கிறது. வியன்னாவில் இருக்கிற முசிறிப் பாப்பிரஸ் 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதில் ஹெர்மபோலோன் என்ற ஒரே கப்பலில் 60 பெட்டி கங்கைச் சடாமாஞ்சில் போனதாகக் கணக்கு இருக்கிறது. வடக்கு மலையின் வேர் தெற்குக் கடற்கரைக்கு நடந்தும் மிதந்தும் வந்து சேர்ந்திருக்கிறது.

கிழக்கே போன பாதைக்கும் தடயம் உண்டு. நாராவில் இருக்கும் ஹோர்யூஜி கோயிலிலிருந்து வந்த இரண்டு சந்தனக் கட்டைகள் இப்போது தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஒன்றின்மேல் மை எழுத்தில் 761ஆம் ஆண்டு என்ற குறிப்பு. அதற்கும் முன்னால் கட்டையில் பாரசீகப் பஹ்லவி எழுத்தில் ஒரு பெயரைக் கீறியிருக்கிறார்கள், சோக்திய எழுத்தில் சூட்டுக்கோல் முத்திரையும் போட்டிருக்கிறார்கள். எத்தனை கை மாறியிருக்கும் பாருங்கள். இன்றைக்கும் ஜப்பானிய ஊதுபத்திக்காரர்கள் உயர்ந்த சந்தனத்தைப் 'பழைய மலை' என்ற பெயரில் குறிப்பார்கள். அவர்கள் சொல்வது மைசூர்ச் சந்தனத்தை.

ஊதுபத்தி என்ற வடிவம் ரொம்பப் பின்னாடி, 16, 17ஆம் நூற்றாண்டுகளில்தான் ஜப்பானுக்குப் போகிறது. அதிலும் ஒரு உறவு இருக்கிறது. அவர்கள் பத்தியில் மூங்கில் குச்சி இல்லை. தாபு என்ற மரத்தின் பட்டைத் தூளைப் பசையாகப் பிசைந்து நூல் மாதிரி பிழிந்து காயவைக்கிறார்கள். நம்ம ஊர் அகர்பத்தியில் குச்சிமேல் மாவை ஒட்டவைப்பது ஜிகட் தூள். அது மலையாளத்தில் குளமாவு என்று சொல்கிற மரத்தின் பட்டையிலிருந்தும் கிடைக்கிறது. தாபுவும் குளமாவும் ஒன்றுக்கொன்று நெருங்கின சொந்தம். இரண்டுமே லவங்கப்பட்டைக் குடும்பம்.

கொற்கையிலிருந்து தூத்துக்குடிக்கு

முத்துக்குளித்துறை என்றதும் எல்லோருக்கும் முத்துதான் ஞாபகம் வரும். ஆனால் முத்து எப்போதாவது வருகிற விருந்தாளி. சிப்பிப் பார் விளைந்த வருஷம் கூட்டம் கூடும், இல்லையென்றால் பல வருஷம் ஒன்றுமே இருக்காது. தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். இடைப்பட்ட காலமெல்லாம் இந்தக் கரையின் குளிகாரர்களுக்குச் சோறு போட்டது சங்கு.

கொற்கை அகழாய்வில் முத்துச்சிப்பியோடு அறுத்த சங்குத் துண்டுகளும் கிடைத்தன. அங்கே சங்குத் தொழில் பழசு. பின்னாளில் சங்கின் பெரிய சந்தை வங்காளம். கல்யாணமான பெண்கள் போடுகிற வெள்ளை வளையலுக்காக டாக்காவுக்கும் பிறகு கல்கத்தாவுக்கும் சங்கு மூட்டை மூட்டையாகப் போனது. 1914இல் ஜேம்ஸ் ஹார்னெல் சங்கைப் பற்றி ஒரு முழு நூலே எழுதினார். மதராஸ் அரசின் மீன்வளத் துறைக்காக இந்தக் கடற்கரையில் வருஷக்கணக்கில் வேலை செய்தவர் அவர்.

சங்கின் எந்தப் பாகமும் வீணாவதில்லை. ஓடு வளையலுக்கும் கோயிலுக்கும், சதை சாப்பாட்டுக்கு, மூடி வாசனைக்கு. ஊதுபத்திக்கு மூடி பயன்படுவதைத் தூத்துக்குடிச் சங்குத் தொழிலைப் பற்றி எழுதிய மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் வெளியீடுகளும் சொல்கின்றன. மூடியை எடுக்க நறுமணமான வழி ஏதும் இல்லை. சதை அழுகி விட்டுக்கொடுக்க வேண்டும், இல்லை வேகவைத்துப் பிடுங்க வேண்டும். சங்கு அழுகுகிற கொட்டகைப் பக்கம் போனவர்களுக்கு அந்த வீச்சம் எப்படி என்று சொல்லத் தேவையில்லை.

மேற்கே அரேபியாவுக்கும் இந்த நகங்களுக்கு எப்போதும் மவுசு உண்டு. இன்றைக்கும் அரபு வீடுகளில், சூடானில், புகை போடுகிற கலவைகளில் அஸ்ஃபார் சேர்ப்பார்கள். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ பார்த்த காயல் துறைமுகத்தில் ஹோர்முஸ், ஏடன் கப்பல்கள் குதிரைகளோடு வந்து நின்றன. திரும்பிப் போகிற கப்பலில் முத்தைப் பற்றி எழுதியவர்கள் உண்டு, மூடியைப் பற்றி எழுத யாருக்கும் தோன்றவில்லை. கழிவாகக் கிடைக்கிற பொருளுக்குத் தனி வரலாறு எழுதுவார்களா என்ன?

யார் மூச்சைப் பிடித்தார்கள்

ஆனால் அந்தக் கழிவும் மேலே வர ஒரு ஆள் கீழே போயாக வேண்டும். பெரிப்ளூஸ் கொற்கையின் முத்துக்குளிப்பைப் பற்றிச் சொல்கிற ஒரே வரி, அங்கே தண்டனைக் கைதிகளைக் குளிக்க வைத்தார்கள் என்பதுதான். இரண்டாயிரம் வருஷ வரலாற்றில் குளிகாரருக்குக் கிடைத்த முதல் அறிமுகம் அது.

பிறகு பாண்டியர், போர்ச்சுக்கீசியர், 1658இலிருந்து டச்சுக்காரர், அப்புறம் ஆங்கிலேயர் என்று கடலுக்கு முதலாளிகள் மாறினார்கள். கல்லைக் காலில் மாட்டிக்கொண்டு கயிற்றைப் பிடித்து இறங்குகிற முறை மட்டும் மாறவில்லை. சுறாவுக்கு மந்திரம் போடுகிறவர் என்று கடல்கட்டி ஒருவரைச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொண்டது ஆங்கிலேய அரசு. மந்திரத்தில் அவர்களுக்கு நம்பிக்கை இருந்ததோ இல்லையோ, கடல்கட்டி இல்லாமல் குளிகாரர் இறங்க மாட்டார் என்று மட்டும் தெரியும்.

இப்போது கல் போய் கம்ப்ரசர் வந்துவிட்டது. படகில் காற்று அடிக்கிற எந்திரம், அதிலிருந்து ஒரு நீளக் குழாய், அதன் முனை குளிகாரர் வாயில். ஒரு மூச்சுக்குப் பதில் மணிக்கணக்கில் கீழே இருக்கலாம். இது அனுமதியோடு நடக்கிற முறையும் இல்லை, ஆபத்தில்லாத முறையும் இல்லை. ஆழத்தில் அதிக நேரம் இருந்துவிட்டு வேகமாக மேலே வந்தால் ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழாகி மூட்டையும் நரம்பையும் அடைக்கும். கை கால் விளங்காமல் போகலாம், உயிரும் போகலாம். எந்திரப் புகை குழாய்க்குள் கலந்தால் அது இன்னொரு எமன்.

சங்கு பக்கமும் நிலைமை அப்படித்தான். பால்சங்கு மெதுவாக வளர்கிற பிராணி. மணலுக்குள் இருக்கிற புழுக்களைத் தின்று வாழ்கிறது. முட்டைக்கூட்டை ஆட்டுக்கொம்பு மாதிரி முறுக்கி மணலில் நட்டுவைக்கும். 57 மில்லிமீட்டர் விட்டத்துக்குக் குறைந்த சங்கைக் கடலிலேயே திரும்ப விட வேண்டும் என்பது பழைய விதி. கையால் பொறுக்குகிறவர் பார்த்து விடலாம். இழுவலைக்குப் பெருசு சிறுசு தெரியாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றி 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா வந்தது. 2001இல் பல சங்கு, சோழி இனங்கள் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலுக்குள் போயின. பால்சங்கு அந்தப் பட்டியலில் இல்லை. அதைக் காப்பது முக்கியமாக அந்த 57 மில்லிமீட்டர்தான்.

ஜோடியின் மறுபாதியும் சுகமாக இல்லை. சடாமாஞ்சிலை வேரோடு பிடுங்கினால்தான் சரக்கு. செடி திரும்பி வளர வருஷங்கள் ஆகும். 1997இலிருந்து அதன் சர்வதேச வியாபாரத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் அது இப்போது அழிவின் விளிம்பில் இருக்கிற இனம். மலையில் தோண்டுகிற ஏழைக்கும் கடலில் மூழ்குகிற ஏழைக்கும் ஒருவரை ஒருவர் தெரியாது. ஆனால் 743இன் அந்தக் கப்பலிலிருந்து இன்றுவரை இரண்டு பேர் சரக்கும் சேர்ந்தேதான் போய்க்கொண்டிருக்கிறது.

நாற்றம் என்ற சொல்

பழந்தமிழில் நாற்றம் என்றால் நறுமணம். பூவின் நாற்றம் என்று கூச்சமில்லாமல் எழுதினார்கள். இன்றைக்கு அந்தச் சொல்லை ஒரு பூவுக்குச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள். சொல் எப்படிக் கீழே இறங்கியது என்பது மொழியியல்காரர்கள் வேலை. எனக்கு உறுத்துவது வேறு. பஸ்ஸில் கூடையோடு ஏறுகிற மீன்காரம்மாவைப் பார்த்து மூக்கைப் பொத்துகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கடற்கரைத் தெருவில் வீடு என்றால், பள்ளிக்கூடத்தில் 'மீன் நாத்தம்' என்று கேலி கேட்காத பிள்ளைகள் குறைவு.

வாசனையின் வரலாறு அந்தக் கேலிக்கு நேர் எதிராக நிற்கிறது. மாதவியின் குளியலறையும் கெஞ்ஜியின் அரண்மனையும் எருசலேம் ஆலயமும் உயர்ந்தது என்று கொண்டாடிய மணங்களில், வீச்சமடிக்கிற ஒரு கடல் பொருள் சேராமல் கலவை முழுமையாகவில்லை. அதை எடுத்துக் கொடுத்தவர்கள் மேல் அடிக்கிற வாடையும் அந்தக் கலவையின் ஒரு பகுதிதான், கணக்கில் மட்டும் அது ஏறவில்லை.

இப்போது பல ஊதுபத்திகளில் இயற்கைப் பொருளே கிடையாது, ஆய்வகத்தில் செய்த மணம்தான். ஒருவகையில் நல்லது, சங்குக்கும் மாஞ்சிக்கும் கொஞ்சம் ஓய்வு. பழைய முறையில் செய்கிற கைவினைக்காரர்கள் இன்னும் கைக்கோ சேர்க்கிறார்கள். அப்படி ஒன்று உங்கள் கைக்கு வந்து, பெட்டிமேல் வடக்குக் காடு என்று எழுதியிருந்தால் தாராளமாகக் கொளுத்தி ரசியுங்கள். மூடி எந்தக் கடலில் எடுத்தது, எந்த அளவுச் சங்கிலிருந்து எடுத்தது, இறங்கினவர் வாயில் கம்ப்ரசர் குழாய் இருந்ததா என்று விற்கிறவரிடம் ஒரு வார்த்தை கேட்டும் வையுங்கள்.